ரைட் சொன்னது நான்தான்

நவ. 20, வியாழன்

காலையிலிருந்து மூட்டம். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. துணி காயவில்லை. தனம் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டிவிட்டாள். நிமிர்ந்தால் என் யூனிபார்ம் சட்டை ஈரமாக முகத்தில் இடிக்கிறது.

இன்று:
– சி.எல். இரண்டு நாள் எழுதிக்கொடுத்தது (வெள்ளி, சனி. ஞாயிறு வார ஓய்வு).
– சைக்கிள் பின்சக்கரம் பஞ்சர்.
– பி.பி. மாத்திரை, இருமல் மருந்து.

டைம் கீப்பர் லீவு லெட்டரைப் படித்துவிட்டு, "கொல்லிமலைக்கா? அங்கதான பதினோரு வருசம் குப்பை கொட்டுனீங்க. இன்னும் பெருக்கறதுக்கு மீதி இருக்குதா?" என்றார். டிப்போவே சிரித்தது. சிரிக்கட்டும்.

ஏற்பாடு முழுக்க ஓசூரிலிருந்து மகன். நாளை மறுநாள் எங்கள் கல்யாண நாள், இருபத்தேழு முடிகிறது. இரண்டு நாள் தங்கல். நடுவில் ஒருநாள் நாலு சக்கர பைக்கில் காட்டுக்குள் சவாரி, வழிகாட்டியோடு. "ஏ.டி.வி.ப்பா, செம த்ரில்லா இருக்கும்" என்றான் போனில். இருபத்தாறு வருஷம் படியில் தொங்கிக்கொண்டு போனவனுக்குத் த்ரில் வாங்கித் தருகிறான்.

அந்தப் பேச்சு இன்றும் வந்தது. தெருமுனை நர்சரிப் பள்ளி வேன். ஓட்டிக்கொண்டிருந்த பெரியவருக்குக் கண் ஆபரேஷன், இனி வரமாட்டார். பள்ளித் தாளாளர் அம்மா தனத்தைக் கேட்டிருக்கிறார். லேடி டிரைவர் என்றால் பெற்றோருக்கும் நிம்மதியாம். பதினெட்டுக் குழந்தைகள், காலை ஒரு ட்ரிப், மாலை ஒரு ட்ரிப். திங்கள்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

தனம் வேன் ஓட்டுவாள். அவள் அண்ணன் காய்கறி மண்டிக்கு வேன் வைத்திருந்தபோது பழகியது. லைசென்ஸ் எடுத்து ஆறு வருஷம். எடுத்த பிறகுதான் எனக்குத் தெரியும். போன மாதம் பயணிகள் வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜும் வாங்கிவிட்டாள். அதுவும் வாங்கிய பிறகுதான். நான் சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டியதில்லை. கண்டக்டருக்கு எதற்கு?

வேண்டாம் என்றேன். காரணம் கேட்டாள். வாயில் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

1. ரோடு இருக்கும் லட்சணம்.
2. ஒன்று ஆகிவிட்டால் ஊர்க்காரன் முதலில் டிரைவரைத்தான் அடிப்பான். இரண்டு தடவை நடுவில் புகுந்து தடுத்திருக்கிறேன். ஒரு தடவை எனக்கும் விழுந்தது.
3. டிப்போவில் என்ன சொல்வார்கள்.

மூன்றாவதை அடித்தேன். பிறகு மறுபடி எழுதினேன். யார் படிக்கப்போகிறார்கள்.

நவ. 21, வெள்ளி

கா. 6.40 பஸ். பனி. கண்டக்டர் வேறு டிப்போக்காரர், என்னைத் தெரியாது. அதுவும் நல்லதுதான். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. மலையடிவாரக் காரவள்ளியில் ஏறியது பதினொரு பேர், இறங்கியது நாலு. அவர் எண்ணவில்லை. நான் எண்ணினேன். பின்படியில் ஒருவர் சாய்ந்து நிற்கிறாரே என்று எழுந்தேன். தனம் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க. இன்னிக்கு நீங்களும் ஒரு டிக்கெட்டுத்தான்."

வளைவு எழுபதும் எனக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டே இது முப்பது, இது முப்பத்தொன்று என்பேன். தனம் கண்ணை மூடவில்லை. வழி முழுக்க டிரைவரின் இடது கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். மடியில் கிடந்த அவள் கையும் அவ்வப்போது லேசாக அசைந்தது. நாற்பத்தொன்றில் என் காதருகே வந்து:

"செகண்டு கியர லேட்டாப் போட்டாருங்க. வண்டி தெணறுது பாருங்க."

பெரிய மேதாவி என்றேன். திணறியது உண்மை. எனக்கும் தெரிந்தது. சொல்லவில்லை.

மேலே நல்ல குளிர். மகன் வாங்கித் தந்த ஸ்வெட்டருக்குக் கை நீளம். பஸ் நிற்குமிடத்து டீக்கடைக்காரர் பார்த்ததும், "ஏனுங்க கண்டக்டரண்ணா! ரூட்டு மாத்திட்டாங்கன்னு சொன்னாங்க? இதாருங்க, அக்காவுங்களா?" என்று எழுந்துவிட்டார். "பதினோரு வருசமா வாரீங்க, இன்னிக்குத்தான் உக்காந்து டீ குடிக்கறீங்க" என்றார். யோசித்தால் நிஜம். இந்த மலையில் நான் பார்த்தது: பஸ் திரும்பும் இடம், இந்தக் கடை, கடைக்குப் பின்னால் இருக்கும் மறைவு. அவ்வளவே.

மதியம் சும்மா நடந்தோம். மரத்துக்கு மரம் மிளகுக்கொடி. பச்சையாகச் சரம் தொங்குகிறது. கீழே காப்பிச் செடி, பாதிப் பழம் சிவப்பு. இந்த மிளகு மூட்டைகளை உள்ளே ஏற்றக்கூடாது என்று எத்தனை பேரிடம் எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். கொடியில் பார்த்தது இதுதான் முதல் தடவை. தனம் ஒரு சரத்தைத் தொட்டு மூக்கில் வைத்துப் பார்த்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதைப் பார்த்தாவது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இருக்கவில்லை. "அந்தம்மாகிட்ட நாளைக்கே போன்ல வேண்டாம்னு சொல்லீரு, திங்கக்கெழம வரைக்கும் எதுக்கு இழுக்கோணும்" என்றேன்.

"கல்யாண நாளு முடியட்டுங்க" என்றாள். திரும்பி வரும்வரை எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

நவ. 22, சனி

மாலை 4 மணி. அறை வாசலில் நாற்காலி போட்டு எழுதுகிறேன். தனம் உள்ளே படுத்திருக்கிறாள். முழங்காலில் களிம்பு. எலும்புக்கு ஒன்றுமில்லை. முதலில் அதை எழுதிவிட வேண்டும். எலும்புக்கு ஒன்றுமில்லை.

வரிசையாக எழுதுகிறேன்.

கா. 8.30 ஷெட். மூன்று வண்டி. ராத்திரி தூறல், மண் ஈரம். வழிகாட்டி பெயர் சடையப்பன், வளப்பூர் நாட்டுக்காரர் (மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள்), இருபத்தைந்து இருக்கும். மிளகுத் தோட்டம் உண்டு, சனி ஞாயிறு இந்த வேலை. எங்களோடு ஒரு திருச்சிக்காரர், அவர் மனைவி. அவர் வந்த நிமிஷத்திலிருந்து தன் புல்லட்டைப் பற்றியே பேச்சு.

"லைசென்ஸ் ஆருகிட்டங்க இருக்குது?" என்று சடையப்பன் கேட்டார்.

"என்கிட்ட" என்று எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். ரொம்ப மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "இது கண்டக்டர் லைசென்ஸுங்கண்ணா."

தனம் தன்னுடையதை எடுத்தாள். ஆக அவள் முன்னால், நான் பின்னால். ஹெல்மெட், முழங்கால் கவசம். கவசம் போட்டதும் கூத்துக்காரன் மாதிரி இருந்தேன். தனம் சிரித்தாள். நேற்றிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

சடையப்பன் சொன்ன பாடம்: ஆக்ஸிலேட்டர் முறுக்குவதில்லை, வலது கட்டைவிரலால் தள்ளுவது. கால் எப்போதும் மேலே. "மொபெட்டு ஓட்டறவிங்க அத்தன பேரும் பண்ணற தப்பு இதானுங்க. வண்டி நிக்கறப்ப காலைக் கீழ ஊணுவாங்க. பின்சக்கரம் கால்மேல ஏறிரும். இது நாலு கால் பிராணிங்க, தானா நிக்கும்." இன்னொன்று: வண்டியிலிருந்து ஒரு கயிறு, ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தால் கயிறு பிடுங்கி எஞ்சின் நின்றுவிடும்.

திருச்சிக்காரர் முதல் பத்து நிமிஷத்தில் மூன்று தடவை காலை ஊன்றினார். தனம் ஒரு தடவையும் இல்லை. சொல்லக்கூடாது, நன்றாக ஓட்டினாள். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடு, சாமைக் காடு, இடையில் கல் பாதை. ஏற்றத்தில் முன்னால் குனிந்தாள், இறக்கத்தில் பின்னால் சாய்ந்தாள். நான் அவள் தோளைப் பிடித்திருந்தேன். பிறகு பிடிக்கவில்லை, பிடிக்கத் தேவையில்லை. ஒரு மேட்டில் பைல் நாட்டுப் பக்கத்துச் சரிவெல்லாம் தெரிந்தது. மேகம் கீழே கிடந்தது. "ஏனுங்க, பாத்தீங்களா!" என்று கத்தினாள். பார்த்தேன் என்று நானும் கத்தினேன்.

பிறகு ஓடை. சின்னது, முழங்கால் அளவு. அக்கரை சேறு, ஏற்றம். சடையப்பன் சொன்னது தெளிவாகத்தான் சொன்னார். பின்னால் இருப்பவர்கள் இறங்கி நடக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வண்டி. அக்கரையிலிருந்து அவர் கையைத் தூக்கினால்தான் அடுத்தது. அவர் போனார். கையைத் தூக்கினார். திருச்சிக்காரர் போனார். அக்கரை ஏற்றத்தில் அவர் சக்கரம் சேற்றில் சுற்றிக்கொண்டே நின்றது. சடையப்பன் அதைத் தள்ளக் குனிந்தார்.

அப்போது நான் இறங்கினேன். இரண்டு காலும் தரையில். வண்டியை விட்டு விலகியாயிற்று.

என் கை வண்டியின் பின்கம்பியில் இரண்டு தட்டு தட்டியது. என் வாய் "ரைட்!" என்றது.

இருபத்தாறு வருஷம். ஆள் இறங்கினால் இரண்டு தட்டு, ரைட். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை. நான் யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் செய்திருப்பேனா?

தனம் எடுத்துவிட்டாள். பாதி ஓடையில் நிமிர்ந்து பார்த்தால் எதிரே திருச்சிக்காரர் வண்டி பின்னுக்கு வழுக்கிக்கொண்டு வருகிறது. இடதுபக்கம் ஒடித்தாள். முன்சக்கரம் பாறையில் ஏறியது. வண்டி சாய்ந்தது, அவள் சேற்றில் விழுந்தாள், எஞ்சின் நின்றது. நான் தண்ணீருக்குள் ஓடினேன்.

எழுந்துவிட்டாள். சேறு, முழங்காலில் கவசத்துக்கு மேலே ரத்தம், முழங்கையில் சிராய்ப்பு.

சடையப்பன் ஓடிவந்தார். "ஆருங்க போகச் சொன்னது? நான் கையே தூக்கலீங்களே!"

தனம் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிகூட இருக்காது.

"நாந்தானுங்க. அவசரப்பட்டுட்டேன்" என்றாள்.

நான் பேசவில்லை. இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வருகிறேன். அவள் அப்படிச் சொன்னாள், நான் பேசவில்லை. வாயைத் திறந்தால் போதும், திறக்கவில்லை. திருச்சிக்காரர், "லேடீஸ் கையில கொடுத்தா இப்படித்தான் சார்" என்று என்னிடம் சொன்னார். எனக்கு ஆறுதலாகச் சொன்னாராம்! அதற்கும் பேசவில்லை.

வண்டியின் ஹேண்டில் கோணிவிட்டது. அதோடு எல்லாரும் திரும்ப வேண்டியதாயிற்று. தனத்தைச் சடையப்பன் தன் பின்னால் ஏற்றிக்கொண்டார். நான் நடந்தேன். மூன்று கிலோமீட்டர். நடந்தது போதாது.

மாலை 6

விழித்துவிட்டாள். டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தாள்.

"திங்கக்கெழம அந்தம்மாகிட்ட வேண்டாம்னு சொல்லிப்போடறனுங்க."

"தட்டுனது நாந்தான தனம்" என்றேன். மெதுவாக.

"தட்டுனது நீங்க. எடுத்தது நானு. நீங்க ரைட்டுன்னதும் பாக்காமயே எடுத்துட்டேன். உங்க வாயில வந்தா சரியாத்தான் இருக்கும்னு இத்தன வருசமாப் பழகிப்போச்சு. பின்னாடி பதினெட்டுக் கொழந்தைங்க உக்காந்திருந்தா?"

நான் கேட்டது கிடைத்துவிட்டது. வேண்டாம் என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. டிப்போவிலும் யாரும் ஒன்றும் சொல்ல வழியில்லை.

மகன் வீடியோ காலில் வந்தான். எப்படிப்பா இருந்தது என்றான். தனம் முழங்காலைப் போர்வையால் மூடிக்கொண்டு, "சூப்பரு கண்ணு" என்றாள்.

நவ. 23, ஞாயிறு

விடியற்காலையே விழிப்பு. பனி கண்ணாடியில் வழிகிறது. படுத்துக்கொண்டே எண்ணினேன். என்னோடு ஓடிய டிரைவர்கள் நாற்பதுக்கு மேல். நல்லவர்கள் உண்டு, முசுடுகள் உண்டு. ஆனால் வண்டி எங்கேயாவது உரசினால் அத்தனை பேருக்கும் முதல் வார்த்தை ஒன்றுதான்: கண்டக்டர் ரைட் கொடுத்தான். என் பைலில் மூன்று மெமோ அப்படி வந்ததே. அதில் இரண்டுக்கு நான் ரைட்டே கொடுக்கவில்லை.

கண்டக்டரைக் காட்டிக்கொடுக்காத டிரைவரை நேற்றுத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். நிஜமாகவே ரைட் கொடுத்த கண்டக்டரை! அதுமட்டுமில்லை. தப்பு யாருடையது என்று தேடாமல், தான் பாராமல் எடுத்ததையே நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். இந்த மாதிரி டிரைவர் ஓட்டினால் நான் படியில் நின்றபடியே தூங்குவேன்.

அவமானமாக இருந்தது. எழுந்து முகம் கழுவினேன்.

கா. 8. சாப்பாட்டுக் கூடம். இட்லி, தக்காளிச் சட்னி. திருச்சிக்காரர் கிளம்பத் தயாராகப் பையோடு உட்கார்ந்திருந்தார். தனம் என் பக்கத்தில். சடையப்பன் கோணின ஹேண்டிலைப் பற்றி ஓனரிடம் சொல்ல வந்திருந்தார். இப்போது விட்டால் இனி இல்லை என்று தோன்றியது. எழுந்து நின்றேன். நின்றால்தான் எனக்குப் பேச்சு வரும்.

"நேத்து எங்கூட்டுக்காரி மேல தப்பில்லீங்க. ரைட் சொன்னது நான்தான். வண்டியில ரெண்டு தட்டும் தட்டுனேன். நேத்தே சொல்லியிருக்கோணும், சொல்லலீங்க. எல்லாரும் மன்னிச்சுக்கோணும்."

திருச்சிக்காரர் இட்லியைக் கையில் வைத்தபடி, "அது சரி சார், ஆனா யாரோ ரைட்னா உடனே போயிடறதா?" என்றார்.

"அதேதானுங்க நானும் சொல்றேன்" என்றாள் தனம். எனக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. யார் கட்சியில் இருக்கிறாள் இவள்?

சடையப்பன் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "எனக்குத் தெரியுமுங்கண்ணா. ரெண்டு தட்டும் கேட்டுச்சு, சத்தமும் கேட்டுச்சு. எட்டாவதுல இருந்து உங்க பஸ்ல வந்தவன், உங்க ரைட்டு எனக்குத் தெரியாதுங்களா? அக்காவே சொல்லலீங்கறப்ப நாம எதுக்குன்னு உட்டுட்டேன்."

இவர் என் பஸ்ஸில் வந்திருக்கிறார். முகம் ஞாபகம் இல்லை. எத்தனை தடவை உள்ளே போ, உள்ளே போ என்று அதட்டியிருப்பேனோ.

பிறகு அவரே சொன்னார். "பத்து மணிக்கு வண்டி சும்மாத்தானுங்க நிக்குது. பாதியில திரும்பியாச்சு. அக்கா வாரீங்களா? கால் முடியுமுங்களா?"

தனம் என்னைப் பார்க்கவில்லை. முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். "வாரேனுங்க" என்றாள்.

மதியம் 1.30

எழுதிவிட்டுத்தான் பெட்டி கட்ட வேண்டும்.

புறப்படும்போது தனம் எனக்கு ஒரே கண்டிஷன். "நீங்க வாயத் தொறக்கக்கூடாது." தலையாட்டினேன். "தலையும் ஆட்டக்கூடாது. பின்னாடி உக்காந்து ஆட்டுனா எனக்குத் தெரியும்."

அதே ஓடை. சடையப்பன் அக்கரைக்குப் போய் நின்றார். நான் இறங்கினேன். சொன்னால் நம்ப முடியாது, கை தானாகவே எழுந்தது. பிடித்துப் பேண்ட் பாக்கெட்டுக்குள் திணித்தேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

சடையப்பன் கையைத் தூக்கினார்.

தனம் எடுக்கவில்லை.

சீட்டிலிருந்து எழுந்து நின்று மேலே பார்த்தாள். சடையப்பன் மறுபடி கையைத் தூக்கி, வாங்க வாங்க என்று ஆட்டினார். அவள் இல்லை என்று தலையசைத்தாள். எனக்கு உயிர் போகிறது. நேற்று விழுந்தவள் பயந்துவிட்டாள், இனி அவ்வளவுதான், நான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அக்கரை வளைவில், புதருக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மா வந்தார். தலையில் கிழங்குக் கட்டு, கண்ணை மறைக்கும் கட்டின் தழை. வழுக்கலில் ஒவ்வொரு அடியாக வைத்து, வண்டி ஏறவேண்டிய அதே தடத்தில் இறங்கி வந்தார். ஓடையைத் தாண்டி எங்களைப் பார்த்து, "எந்தூருங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு தனம் இரண்டு பக்கமும் பார்த்தாள். எடுத்தாள். தண்ணீர், பாறை, சேறு, ஏற்றம், அக்கரை. திணறவே இல்லை.

"அக்கா பாத்ததுதானுங்க சரி. எனக்கு அந்தப் புதர் மறைச்சுப்போச்சு" என்றார் சடையப்பன். "சேலை நெறம் கொஞ்சம் தெரிஞ்சுதுங்க" என்றாள் தனம். அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். நான் ஓடையில் நின்றுகொண்டு அழுதேன். ஹெல்மெட் இருந்தது, யாருக்கும் தெரிந்திருக்காது.

கொஞ்ச தூரத்தில் அடர்ந்த சோலை. சடையப்பன் எஞ்சினை நிறுத்தினார். "இங்க சாமி இருக்குதுங்க. வண்டிச் சத்தம் ஆகாது, செருப்பும் ஆகாது. அந்தப் பக்கம் போற வரைக்கும் தள்ளிட்டுத்தான் போகோணும். ஆரு வந்தாலும் அப்படித்தானுங்க." செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தோம். தனம் பக்கத்தில் நடந்து ஹேண்டிலைப் பிடித்தாள், நான் பின்னாலிருந்து தள்ளினேன். யானைக்குட்டி கனம். உள்ளே ஈரம், இலை வாசனை, பறவைகூடக் குரலைத் தாழ்த்திக் கத்துகிறது. பாதி தூரத்தில் மூச்சு வாங்கி நின்றோம்.

வாயைத் திறக்கக்கூடாது என்ற கண்டிஷன் வண்டியில் இருக்கும்போதுதானே. "தனம், திங்கக்கெழம நீ போ" என்றேன்.

அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

"நீங்க சொல்லோணும்னு நான் நிக்கலீங்க. அந்தம்மா தலச்சுமையோட எறங்குனாங்கல்ல, அப்பவே நெனச்சுட்டேன். போகத்தான் போறேன்."

"அப்ப நான் எதுக்கு?"

"தள்ளுங்க" என்றாள்.

தள்ளினேன்.

இரவு, வீட்டில்

மா. 4.15 பஸ்ஸில் கீழே. முன்சீட் தனத்துக்கு. நான் அவளுக்குப் பின்னால். காரவள்ளி வரும்வரை ஒருவரையும் எண்ணவில்லை.

நவ. 24, திங்கள்

முதல் ட்ரிப் 5.10. இருட்டு, குளிர். ராசிபுரம் லைன். கூட்டம்.

டைம் கீப்பர், "மலையில என்னங்க விசேசம்?" என்றார். "எம்பட சம்சாரம் ஸ்கூல் வேன் ஓட்டப்போறா" என்றேன். டிப்போவே கேட்கும்படியாகத்தான் சொன்னேன். கொஞ்சம் சிரித்தார்கள். அதில் ஒரு டிரைவர், ஐயப்பனுக்கு மாலை போட்டவர், சிரிக்கவில்லை. எந்த வேன், எத்தனை சீட், பவர் ஸ்டீயரிங்கா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

தனம் பதினொரு மணிக்கு போன். தாளாளர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஊரை ஒரு சுற்று சுற்ற வைத்தாராம். ஸ்பீடு பிரேக்கரில் டீ டம்ளரை டேஷ்போர்டில் வைத்துப் பார்த்தாராம், சிந்தவில்லையாம். இந்தக் கதையில் டம்ளர் தனம் சேர்த்ததாக இருக்கலாம். நாளையிலிருந்து வேலை. பவர் ஸ்டீயரிங் இல்லை.

பயம் போகவில்லை. வியாழனன்று எழுதிய இரண்டாவது காரணம், ஊர்க்காரன் அடி, இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அவளிடம் சொன்னேன். "எனக்குந்தான் பயம்" என்றாள். அதற்கப்புறம் கொஞ்சம் பரவாயில்லை.

நவ. 25, செவ்வாய்

தூறல். வாட்ச் பட்டை அறுந்துவிட்டது, மாற்ற வேண்டும். அரை டூட்டி, இரண்டரைக்கே வீடு. கதவு பூட்டு. சாவி பக்கத்து வீட்டில்.

குழம்பு மட்டும் இருந்தது. சோறு நான் ஆக்கிக்கொள்வதாகக் காலையில் வாய்விட்டிருந்தேன். அரிசி களைந்தேன். தண்ணீர் எவ்வளவு? இருபத்தேழு வருஷம் தின்றிருக்கிறேன், தெரியவில்லை. ஒன்றுக்கு இரண்டா, இரண்டரையா?

தனத்துக்கு போன் போட்டேன். முழுக்க மணி அடித்து நின்றது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. எனக்குச் சுள்ளென்று கோபம். ஒரு போனை எடுக்க என்ன கேடு?

அப்புறம்தான் மணி பார்த்தேன். மூன்று ஐம்பது. வேன் இப்போது பால் சொசைட்டி முனையில் திரும்பிக்கொண்டிருக்கும். பதினெட்டும் உள்ளே.

மூன்றாவது தடவை போடவில்லை. குத்துமதிப்பாகத் தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைத்தேன்.